காய்ச்சல் வீட்டில் நிலவேம்புக் குடிநீர்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு காய்ச்சல்தான். எங்கள் வீட்டில் அதற்கு இரண்டு கட்சி உண்டு. அத்தைக்கு நிலவேம்புக் கஷாயம் போதும், மாத்திரை உடம்பைக் கெடுக்கும். மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் என் அண்ணனுக்குக் கஷாயம் என்ற பேச்சே ஆகாது. நான் கஷாயமும் காய்ச்சுவேன், ரத்தப் பரிசோதனைக்கும் கூட்டிப்போவேன். அதை எப்படிச் செய்கிறேன் என்று எழுதுகிறேன்.

முதலில் பொடி. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு என்று ஒன்பது சரக்கு சேர்ந்ததுதான் நிலவேம்புக் குடிநீர்ப் பொடி. வெறும் நிலவேம்பை மட்டும் இடித்து விற்றால் அது இதுவல்ல. அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவில் கேட்டு வாங்குங்கள். கடையில் வாங்கினால் டாம்ப்கால் (தமிழக அரசின் மூலிகை மருந்து நிறுவனம்), இம்ப்காப்ஸ் (நாட்டு மருத்துவர்களின் கூட்டுறவு நிறுவனம்) தயாரிப்பு மாதிரி உரிம எண்ணும் காலாவதித் தேதியும் அச்சிட்ட பாக்கெட்டாக இருக்கட்டும். பொட்டலம் கட்டித் தரும் பொடி எத்தனை மழையைப் பார்த்ததோ தெரியாது. மோந்து பார்த்துப் பூஞ்சை வாடை வந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். பொடி ஒன்றிரண்டாக இடித்ததாக இருக்க வேண்டும். மாவாக அரைத்திருந்தால் வடிகட்டவே முடியாது, அடியில் சேறாகத் தங்கும்.

பெரியவர் ஒருவருக்கு 5 கிராம் பொடி, 200 மில்லி தண்ணீர். எவர்சில்வர் பாத்திரத்திலோ மண்சட்டியிலோ சிறு தீயில் வைத்து 50 மில்லியாகச் சுண்டவிடுங்கள். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் தண்ணீர்தான் வற்றும், சாரம் இறங்காது. மெல்லிய துணியில் வடிகட்டி, வெதுவெதுப்பாகக் காலையும் மாலையும் குடிக்க வேண்டும். ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகக் காய்ச்சுங்கள். காலையில் காய்ச்சியதை மாலையில் சூடாக்கிக் கொடுக்காதீர்கள். கசப்பு நாக்கில் அப்படியே நிற்கும். சர்க்கரை நோய் இல்லாதவர்கள் ஒரு துண்டு உடன்குடிக் கருப்பட்டி போட்டுக்கொள்ளலாம். குழந்தைகளுக்கான அளவை சித்த மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். நிலவேம்பு ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் இறக்கக்கூடியது. அவற்றுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

இனி, இந்தக் கஷாயம் டெங்குவைக் குணப்படுத்துமா? 2012-இல் டெங்கு பரவியபோது அரசே இதை ஊரெங்கும் கொடுத்தது. 2017-இல், ஆராய்ச்சி முடியும்வரை விநியோகிக்க வேண்டாம் என்று கமல்ஹாசன் தன் நற்பணி இயக்கத்தாரிடம் சொன்னதும் பெரிய சண்டையே நடந்தது. குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் எங்கே என்ற அந்தக் கேள்வி நியாயமானது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அண்ணனும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். டெங்கு வைரஸைக் கொல்லும் மாத்திரை அவர் கடையிலும் கிடையாது. ஆஸ்பத்திரியின் பலம் அதன் கண்காணிப்பில் இருக்கிறது. தட்டணு (பிளேட்லெட்) எவ்வளவு, ரத்தம் கெட்டிப்படுகிறதா, எவ்வளவு திரவம் ஏற்ற வேண்டும் என்று மணிக்கணக்கில் பார்த்து உயிரைக் காப்பாற்றுகிறார்கள். அடுப்படியில் நின்று அதை நம்மால் செய்ய முடியாது.

அதனால் அடுப்பை மூட்டும்போதே ஒரு நோட்டையும் எடுத்து வையுங்கள். காய்ச்சல் தொடங்கிய நாள், நேரம், வெப்பம், எத்தனை முறை சிறுநீர் போனது எல்லாவற்றையும் எழுதுங்கள். முதல் ஐந்து நாளுக்குள் போனால் டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 ரத்தப் பரிசோதனை, அதன்பிறகு போனால் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐஜிஎம் பரிசோதனை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் டாக்டர் சொன்ன அளவில். ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் மூன்றும் ரத்தக்கசிவைக் கூட்டும், தொடவே வேண்டாம். கஞ்சி, இளநீர், ஓஆர்எஸ் கரைசல் மாற்றி மாற்றிப் போய்க்கொண்டே இருக்கட்டும்.

அப்புறம், எல்லாரும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். "பார்த்தியாம்மா, கஷாயம் வேலை செய்யுது" என்று அத்தை சந்தோஷப்படுவார். ஆனால் டெங்குவில் ஆபத்தே அப்போதுதான் தொடங்குகிறது. ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவது அந்த நேரத்தில்தான். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பு மலம், கை கால் சில்லிடுவது, சோர்ந்து கிடப்பது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, இதில் ஒன்று தெரிந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். நள்ளிரவானால் 108-ஐக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

போகும்போது நோட்டோடு பொடி பாக்கெட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். திட்டுவாரோ என்று பயந்து கஷாயம் கொடுத்ததை டாக்டரிடம் மறைக்காதீர்கள். எத்தனை வேளை, கடைசியாக எப்போது குடித்தது என்பதை அவரே கேட்கும்முன் சொல்லிவிடுங்கள்.