பக்கத்து வீட்டுச் சத்தம்: அடுக்குமாடியில் நாம் செய்யும் தவறுகள்

மதுரை மூன்றுமாவடிப் பக்கம், 16 வீடுகள் கொண்ட ஒரு அடுக்குமாடியில் ஒன்பது வருடமாகக் குடியிருக்கிறேன். வந்த இரண்டாம் வருடம், தினமும் விடியற்காலை நாலரை மணிக்குப் படுக்கையறைச் சுவரில் 'டம்' என்று ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. அப்பாவுக்கு அப்போது உடம்பு சரியில்லை. ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டு அந்த நேரத்தில்தான் அவருக்குக் கண் அசரும். மேல் வீட்டு அக்கா கோழி கூப்பிட எழுந்து வேலை பார்ப்பவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர்தான் எதையோ தூக்கிப் போடுகிறார் என்று நானாக முடிவு கட்டினேன். ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஒருநாள் விடியலிலேயே மேலே ஏறிப் போய்க் கதவைத் தட்டி, "நோயாளி இருக்கிற வீடுன்னு தெரியாதா? உங்களுக்கு மனசாட்சியே இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். அவர் தூக்கக் கலக்கத்தோடு நின்றார்.

சத்தம் வந்தது தண்ணீர்க் குழாயிலிருந்து. வாட்ச்மேன் சம்ப்பிலிருந்து மேல் தொட்டிக்கு மோட்டார் போடுவார். மோட்டாரை நிறுத்தியதும், குழாயில் ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் திரும்பி இறங்கி, தண்ணீரைத் திரும்ப விடாமல் தடுக்கிற, தேய்ந்துபோன செக் வால்வை அறைந்து சாத்தும். அந்தக் குழாய் எங்கள் படுக்கையறைச் சுவரை ஒட்டி மேலே போகிறது. பிளம்பர் வந்து வால்வை மாற்றிய அன்றே சத்தம் நின்றது. ஆனால் மேல் வீட்டு அக்கா என்னோடு முகம் கொடுத்துப் பேச ஒரு வருடம் ஆனது.

ஆளை முதலில் முடிவு செய்வதுதான் பெரிய தவறு என்று நான் சொல்வது அதனால்தான். தூண், உத்தரம், தளம் எல்லாம் ஒன்றாகப் பிணைந்து நிற்கும் கான்கிரீட் கட்டடத்தில் ஓர் இடத்தில் தட்டினால் அதிர்வு எங்கெங்கோ போகும். மூன்றாம் மாடியில் அம்மிக்கல்லில் தேங்காய் உடைத்தாலும் முதல் மாடியில் இருப்பவருக்குத் தன் தலைக்கு மேலேயே உடைப்பது போல் இருக்கும். பேச்சுக் குரல், டிவி போன்றவை காற்று வழியாக, ஜன்னல், கதவு இடுக்கு வழியாக வருபவை. அவற்றின் திசையைக் காதே ஓரளவு சொல்லிவிடும். இடிப்பது, இழுப்பது, மோட்டார், வூஃபரின் 'தும் தும்' போன்றவை கட்டடத்தின் வழியாக வருபவை. அவற்றில் காதை நம்ப முடியாது.

பத்து நாள் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். என்ன சத்தம், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம். சத்தம் வரும்போது சுவரில் கை வைத்துப் பாருங்கள், அதிர்கிறதா என்று. படிக்கட்டுப் பக்கம் போய் நின்று கேளுங்கள். எதிர் வீட்டில், கீழ் வீட்டில் "உங்களுக்கும் கேக்குதா?" என்று விசாரியுங்கள். மோட்டார் போடும் நேரம், லிஃப்ட் ஓடும் நேரம், கீழ்த்தளக் கடையின் ஷட்டர் ஏற்றும் நேரம் ஆகியவற்றோடு உங்கள் நோட்டைப் பொருத்திப் பாருங்கள். இதைச் செய்திருந்தால் நான் அந்தக் கதவைத் தட்டியிருக்க மாட்டேன்.

பொறுத்துப் பொறுத்து ஒருநாள் வெடிப்பது

நம் ஊரில் பக்கத்து வீட்டாரிடம் குறை சொல்வதற்கு ஒரு தயக்கம் உண்டு. காலையில் முகத்தில் முழிக்க வேண்டியவர்கள், ஆத்திர அவசரத்துக்கு ஓடி வருபவர்கள், நாளைக்கு நம் வீட்டு விசேஷத்துக்கும் பந்தல் போடத்தானே போகிறோம் என்று விட்டுவிடுவோம். தயக்கம் நல்லதுதான். ஆனால் நாற்பது நாள் அடக்கி வைத்ததை நாற்பத்தோராம் நாள் ராத்திரி பதினொன்றரைக்குக் கொட்டும்போது, எதிரில் இருப்பவருக்கு அந்த நாற்பது நாள் தெரியாது. அவருக்கு அதுதான் முதல் நாள். ஏன் இந்த மனிதர் திடீரென்று இப்படிக் கத்துகிறார் என்றுதான் அவர் நினைப்பார். கத்துகிறவரோடு யார் சமாதானமாகப் பேசுவார்கள்?

அதனால் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிற நேரத்தில் போகாதீர்கள். அப்போது நம் குரலும் உயரும், அவர் வீட்டிலும் விருந்தாளிகள் இருக்கலாம். மறுநாள் சாயங்காலம், ஐந்து ஆறு மணிக்கு, தனியாகவோ வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டோ போகலாம். நாலைந்து பேராகப் போய் வாசலில் நின்றால் அது பஞ்சாயத்து ஆகிவிடும்.

எப்படிச் சொல்வது என்பதில்தான் பலர் தடுமாறுகிறோம். "உங்க வீட்ல ஒரே சத்தம்", "எப்பப் பார்த்தாலும் இதே ரோதனை" என்றால் அவர் எதைத் திருத்திக்கொள்வார்? அது அவருடைய வளர்ப்பைக் குறை சொல்வது போலத்தான் காதில் விழும். எந்தச் சத்தம், எந்த நேரம், நமக்கு அதனால் என்ன ஆகிறது, அவர் என்ன செய்தால் போதும் என்று நான்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "அக்கா, ராத்திரி பத்தரைக்கு மேல அந்த ஓரத்து ரூம்ல கட்டிலை இழுக்கிற சத்தம் கீழே நல்லா கேக்குது. அப்பா அப்பத்தான் மாத்திரை போட்டுட்டுப் படுப்பாரு. கால்ல ஒரு ரப்பர் புஷ் மாட்டிட்டா போதும், நானே வாங்கித் தாரேன்." இப்படிச் சொன்னால் பெரும்பாலானவர்கள், "அய்யோ, கீழே கேக்கும்னே தெரியாதே" என்றுதான் சொல்வார்கள். உண்மையிலேயே பலருக்குத் தெரியாது. தன் வீட்டுத் தரை அடுத்தவருக்குக் கூரை என்பது மேலே இருப்பவருக்கு நினைவில் நிற்பதில்லை.

பேசும்போது நம் பக்கத்தையும் கேட்டுக்கொள்வது நல்லது. "எங்க வீட்ல இருந்து உங்களுக்கு ஏதாவது தொந்தரவு இருக்கா?" நான் இப்படிக் கேட்டபோதுதான், விடிகாலையில் நான் ஓட்டும் மிக்ஸி பக்கத்து வீட்டுப் பிள்ளையின் படுக்கைக்கு நேர் பின்னால் இருப்பது தெரிய வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாடகைக்கு இருப்பவர், கல்யாணமாகாத பையன்கள், வேறு சாதி, வேறு மதம் என்றால் நம்மில் பலருக்குக் காது திடீரென்று கூர்மையாகிவிடுகிறது. சொந்த வீட்டுக்காரரின் பிறந்தநாள் பாட்டைப் பொறுத்துக்கொள்கிறவர்கள், பையன்கள் கிரிக்கெட் மேட்சுக்குக் கத்தினால் உரிமையாளருக்கு போன் போட்டு வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். இது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத வழக்கம். சத்தத்துக்கு ஒரே அளவுகோல்தான் இருக்க வேண்டும்.

நேரே போகாமல் சுற்றி வளைப்பது

குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் "சில பேர் நாகரிகம் இல்லாமல்" என்று பெயர் சொல்லாமல் எழுதுவது ரொம்பக் கெடுதல். யாரைச் சொல்கிறோம் என்று 16 வீட்டுக்கும் தெரியும். 16 வீட்டின் முன் தலைகுனிந்தவர் சத்தத்தைக் குறைக்க மாட்டார், பதில் எழுதத்தான் பார்ப்பார். வாட்ச்மேனைத் தூது அனுப்புவதும் வேண்டாம். இரண்டு வீட்டுக்கும் வேலை செய்கிற மனிதர் அவர், நடுவில் மாட்டிக்கொண்டு திட்டு வாங்குவார். சிறு பிள்ளைகளை விட்டுச் சொல்லவும் கூடாது.

ஒட்டடைக் கம்பால் கூரையில் இடிப்பது, பதிலுக்கு நம் டிவியை அலற விடுவது, மீட்டர் பெட்டியில் ஃபியூஸைப் பிடுங்குவது எல்லாம் அதைவிட மோசம். மேல் வீட்டில் ஆக்சிஜன் இயந்திரத்தில் ஒருவர் படுத்திருந்தால், ஃபியூஸைப் பிடுங்கியதும் அவர் என்ன ஆவார்? நாளைக்குப் போலீஸ் வந்தாலும் முதலில் விசாரிக்கப்படுபவர் நாமாகத்தான் இருப்போம்.

முட்டை அட்டையும் கனத்த திரையும்

சுவர் முழுக்க முட்டை அட்டை, ஸ்பாஞ்ச் ஒட்டினால் சத்தம் வராது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அறைக்குள் எழும் எதிரொலியை அவை கொஞ்சம் குறைக்கும், அடுத்த வீட்டிலிருந்து வரும் சத்தத்தைத் தடுக்காது. சத்தத்தைத் தடுக்கக் கனமும் வேண்டும், இடுக்கு இல்லாமலும் இருக்க வேண்டும். காற்று புகும் வழியெல்லாம் சத்தமும் புகும். எனவே காசு செலவழிப்பதாக இருந்தால் கதவின் அடி இடுக்கையும் ஜன்னல் ஓரங்களையும் ரப்பர் பட்டை வைத்து அடையுங்கள். பேச்சுக் குரலும் டிவியும் நன்றாகவே குறையும். தளத்தின் வழியாக வரும் இடியைக் கீழே இருந்துகொண்டு தடுப்பது கடினம், அதை மேலேதான் சரிசெய்ய முடியும். கிரைண்டரைச் சுவரை ஒட்டி வைக்காமல் அரையடி தள்ளி, அடியில் தடித்த ரப்பர் விரிப்புப் போட வேண்டும். வாஷிங் மெஷின் நான்கு காலும் தரையில் சமமாக ஊன்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிள்ளைகள் ஓடுகிற இடத்தில் கனமான ஜமக்காளம் விரிக்கலாம். மிக்ஸிக்கு அடியில் மட்டும் துண்டை மடித்து வைக்காதீர்கள். அடியில் காற்றுப் போகிற துளை அடைபட்டு மோட்டார் சூடாகிவிடும். அதற்கும் ரப்பர் விரிப்புதான் சரி.

சட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொள்வது

இதில் இரண்டு வகைத் தவறு நடக்கிறது. பகலில் எவ்வளவு சத்தம் வேண்டுமானாலும் போடலாம் என்று ஒரு தரப்பு நினைக்கிறது. எல்லாச் சத்தத்துக்கும் போலீஸைக் கூப்பிடலாம் என்று இன்னொரு தரப்பு. இரண்டும் சரியில்லை.

மத்திய அரசின் ஒலி மாசு விதிகள் 2000-ஆம் ஆண்டு வந்தன. குடியிருப்புப் பகுதியில் காலை 6 முதல் இரவு 10 வரை 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்பது அளவு. டெசிபலில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, காதுக்கு ஏறக்குறைய இரு மடங்காகத் தெரியும். ஆகவே 45-க்கும் 55-க்கும் உள்ள வித்தியாசம் சின்னதில்லை. குறித்த அளவைவிடப் பத்து டெசிபலோ அதற்கு மேலோ கூடினால் அதிகாரியிடம் புகார் செய்யலாம் என்கிறது விதி. ஒலிபெருக்கி வைக்க எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். இரவு 10-க்கு மேல் திறந்த வெளியில் அது கூடாது. குடியிருப்புப் பகுதியில் சத்தம் எழுப்பும் கட்டுமான இயந்திரங்களையும் இரவில் ஓட்டக் கூடாது. மொட்டை மாடியில் ராத்திரி பன்னிரண்டு வரை பாக்ஸ் கட்டிப் பாட்டுப் போட்டால் சட்டம் உங்கள் பக்கம். மேல் வீட்டுக் குழந்தை ஓடுகிற சத்தத்துக்கு இந்த விதியில் பெரிதாக ஒன்றும் கிடையாது. அங்கே வாய்ப்பேச்சும் ஜமக்காளமும்தான்.

கைபேசியில் டெசிபல் ஆப் போட்டுப் படம் பிடித்து அதையே முடிந்த முடிவாக நீட்டுவதும் வேண்டாம். ஒவ்வொரு போனின் மைக்கும் ஒவ்வொரு மாதிரி. அந்த எண் நமக்கு ஒரு குத்துமதிப்புக்குத்தான். தேதியும் நேரமும் எழுதிய நோட்டும், கூட நின்று சொல்ல வரும் இன்னொரு வீட்டுக்காரரும் அதைவிடப் பெரிய பலம்.

இரண்டு முறை பேசியும் கேட்கவில்லை என்றால் சங்கத்துக்கு எழுத்தில் கொடுங்கள். செயலாளரிடம் படிக்கட்டில் வாயால் சொன்னது கணக்கில் வராது. டிரில் போடுவதற்கும் மொட்டை மாடி விசேஷத்துக்கும் நேர வரம்பு இல்லையென்றால், அடுத்த பொதுக்குழுவில் துணைவிதியில் சேர்க்கச் சொல்லுங்கள். யார் மீதும் கோபம் இல்லாத நாளில் போடுகிற விதியை எல்லாரும் மதிப்பார்கள்.

அதற்கும் சரிப்படவில்லை, நள்ளிரவில் ஒலிபெருக்கி என்றால் 100 அல்லது 112-க்கு அழைக்கலாம். தொடர்ந்து நடக்கிறது என்றால் பகலில் காவல் நிலையத்தில் மனு கொடுத்து, மனு வாங்கியதற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வாங்காமல் திரும்பி வருவது பலரும் செய்யும் தவறு. ரசீது இல்லாவிட்டால் நீங்கள் போனதற்கே அடையாளம் இல்லை. பொதுத்தொல்லைக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 292-ஆம் பிரிவில் 1,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. நேரே வழக்கு என்று இறங்குவதற்கு முன் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். இரு தரப்பையும் அழைத்து உட்கார வைத்துப் பேசித் தீர்க்க அங்கே வழி இருக்கிறது.

சித்திரை மாதத்தில் புகார் நோட்டை மூடி வைத்துவிடுவேன். அழகர் வரும் வழியில் இருக்கிறோம். அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று தீவட்டியும் வேட்டும் மேளமும் வாசலுக்கே வரும்போது யாரும் தூங்க நினைப்பதில்லை. திருவிழாக் காலத்தில் வருடத்துக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை ஒலிபெருக்கியை மாநில அரசு அனுமதிக்கலாம் என்று விதியே சொல்கிறது. அது போல ஒரு காதுகுத்து, ஒரு சடங்கு, ஒரு துக்க வீடு. ஒருநாள் சத்தத்தைத் தினசரிச் சத்தத்தோடு சேர்த்துக் கணக்குப் பண்ணினால் நியாயமான புகாரும் பலம் இழந்துவிடும்.

கடைசியாக ஒன்று. சத்தம் குறைந்த பிறகு போய்ச் சொல்வதே இல்லை நாம். மூன்றாம் மாடிப் பையன்களிடம் வூஃபரைத் தரையிலிருந்து எடுத்து ரப்பர் மேல் வைக்கச் சொன்னேன். வைத்தார்கள். இரண்டு வாரம் கழித்துப் படிக்கட்டில் பார்த்தபோது, "தம்பி, இப்ப சுத்தமா கேக்கலப்பா, அப்பா நல்லா தூங்குறாரு" என்றேன். அதற்குப் பிறகு ராத்திரி மேட்ச் இருக்கிற அன்றைக்கு, "அண்ணே, இன்னைக்குக் கொஞ்சம் லேட்டாகும், கதவைச் சாத்திட்டுத்தான் பாப்போம்" என்று அவர்களே முன்கூட்டி மெசேஜ் அனுப்பிவிடுகிறார்கள்.