கனடா விஎச்எஸ் கேசட்டை இங்கே கணினியில் ஏற்றுவது எப்படி?

டொராண்டோ சொந்தங்கள் தொண்ணூறுகளில் அனுப்பிய கல்யாண வீடியோ கேசட்டுகள் பல வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன. சித்தி வீட்டுக் கேசட்டை அண்மையில் மாற்றிக் கொடுத்தேன். செய்த முறை இது.

அந்தக் கால டிவி, வீடியோவுக்குக் கனடா, அமெரிக்கா, ஜப்பானில் என்டிஎஸ்சி முறை: 525 வரி, நொடிக்கு 29.97 படம். இந்தியா, இலங்கையில் பிஏஎல்: 625 வரி, 25 படம். கேசட் அளவு ஒன்றேதான், எந்த டெக்கிலும் (கேசட் ஓட்டும் கருவி) நுழையும். ஆனால் நாடா ஓடும் வேகமே வேறு.

டெக்: இரண்டு முறையையும் ஓட்டும் மல்ட்டி சிஸ்டம் டெக் தேடுங்கள். அமெரிக்க டெக் கிடைத்தாலும் நல்லதுதான். ஆனால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் நம்மூர் 230 வோல்ட்டில் செருகிவிடாதீர்கள்.

இணைப்பு: டெக்கிலிருந்து வரும் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களை, வீடியோவைக் கணினிக்குள் வாங்கும் யுஎஸ்பி கேப்சர் கருவியில் செருகினால் முடிந்தது.

கலர்: எனக்கு நேரம் தின்றது இங்கேதான். டிவியில் அழகாகக் கலரில் ஓடும் கேசட், கணினியில் கறுப்பு வெள்ளையாக வரும். கேசட் கெட்டுப்போகவில்லை. நம்மூர் டெக்குகள் பல, என்டிஎஸ்சி கேசட்டின் கலரை பிஏஎல் டிவிக்கு ஏற்ப 4.43 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றி அனுப்பும். அசல் என்டிஎஸ்சி கலர் 3.58. டிவி இந்தக் கலப்பை ஏற்றுக்கொள்ளும், கேப்சர் கருவி பெரும்பாலும் ஏற்காது. டெக்கில் 3.58 / 4.43 என்று சுவிட்ச் இருந்தால் 3.58-இல் வையுங்கள். பிறகு பதிவு மென்பொருளில் 'வீடியோ டிகோடர்' பக்கத்தில் 'என்டிஎஸ்சி எம்' தேர்ந்தெடுங்கள். அந்த சுவிட்சே இல்லாத, 'பிஏஎல் டிவியில் என்டிஎஸ்சி பிளேபேக்' என்று மட்டும் எழுதிய டெக் இந்த வேலைக்கு வேண்டாம்.

பதிவு: பதிவு மென்பொருளாகப் பலரும் ஓபிஎஸ் சொல்வார்கள். எனக்கு வர்ச்சுவல்டப்தான் பிடிக்கும். வருவதை அப்படியே சேமிக்கும். 720×480, 29.97 என்று வையுங்கள். 25-க்கு மாற்றவே மாற்றாதீர்கள், ஊர்வலத்தில் நடப்பவர்கள் எல்லாம் வெட்டி வெட்டி நடப்பார்கள். இன்றைய போனும் டிவியும் 29.97-ஐத் தாராளமாக ஓட்டும்.

கடைசி வேலை: ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் டீஇன்டர்லேஸ் (ஒன்றுவிட்டு ஒன்றாகப் பின்னிய வரிகளைப் பிரிப்பது) 'பாப்', வேகம் 29.97-இன் இரட்டிப்பான 59.94. அசையும் கைகளின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி தெரியும் கோடுகள் போய்விடும்.

பின்சேர்க்கை: முகங்கள் அகலமாகத் தெரிவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். 720×480 அப்படியே காட்டப்படுவதுதான் காரணம். ஹேண்ட்பிரேக்கில் அளவை 640×480 ஆக்குங்கள். பழைய டிவியின் 4:3 அமைப்பு வந்துவிடும்.