கம்பு கைக்கு வருமுன்

மகளைச் சிலம்ப வகுப்பில் சேர்த்த மூன்றாம் நாளே, "இன்னும் கம்பு கொடுக்கவில்லையா?" என்று ஆசானிடம் கேட்டேன். அவளுக்கு அப்போது 6 வயது. கடலூரில் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் நடந்த அந்த வகுப்பில், முதல் சில வாரங்கள் பிள்ளைகள் வெறுங்கையோடு காலடி மட்டுமே பழகிக்கொண்டிருந்தார்கள். கட்டிய பணம் வீணாகிறது என்று நினைத்தேன். புதிதாகச் சேர்க்கும் பெற்றோர் பலரும் செய்யும் தவறு இதுதான். சிலம்பத்தில் அடியை வீசுவதற்கும் கால் வேண்டும், விலகுவதற்கும் கால் வேண்டும். கால் நிலைக்காத பிள்ளையின் கையில் கம்பைக் கொடுத்தால், கம்புதான் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகும்.

அண்ணன் சுற்றிய கம்பையே தங்கைக்கும் கொடுப்பது இன்னொரு தவறு. சட்டைக்கு அது சரி, கம்புக்குச் சரியில்லை. நிமிர்ந்து நிற்கும் பிள்ளையின் நெற்றி அளவுக்குக் கம்பு இருந்தால் போதும். நீளம் கூடினால் முனை தரையில் இடித்து மணிக்கட்டைத் திருப்பிவிடும். கனம் கூடினால் தோள் நோகும். விரிசல் விட்டிருக்கிறதா, சிலாம்பு எழும்பியிருக்கிறதா என்று தினமும் தடவிப் பாருங்கள்.

எனக்கு மிகவும் வேதனை தருவது சாதனை நிகழ்ச்சிகள். 7 வயதுப் பிள்ளையை மணிக்கணக்கில் நிறுத்தாமல் சுற்றவிடுகிறார்கள், பானை மேல் ஏற்றுகிறார்கள், கண்ணைக் கட்டுகிறார்கள், கம்பின் முனையில் தீ வைக்கிறார்கள். கட்டணம் கட்டினால் ஒரு சான்றிதழும் கேடயமும் கிடைக்கும். வளரும் பிள்ளையின் எலும்பு முனைகளில், எலும்பு நீள்வதற்கான இளங்குருத்துப் பகுதி இருக்கிறது. அது முற்றி எலும்பாக மாறுவது பதின்பருவத்தின் பிற்பகுதியில்தான். அதுவரை ஒரே அசைவை அளவின்றித் திரும்பத் திரும்பச் செய்தால் அந்த இடம் பழுதாகலாம். பெற்றோர் கைதட்டிக்கொண்டிருக்கும்போது எந்தப் பிள்ளையும் "வலிக்கிறது" என்று சொல்லாது. தயவுசெய்து இதற்குப் பணம் கட்டாதீர்கள்.

கராத்தே, டேக்வாண்டோ வகுப்புகளில் இதே அவசரம் பட்டையின் நிறத்தில் தெரிகிறது. டேக்வாண்டோவுக்குத் தரம் வழங்கும் தென்கொரியாவின் குக்கிவோன், 15 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு முழுக் கறுப்புப் பட்டை தருவதில்லை. சிவப்பும் கறுப்பும் கலந்த 'பும்' பட்டைதான் தருகிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை தேர்வு, ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் என்றால், பிள்ளை உண்மையில் என்ன கற்றிருக்கிறது என்று கேளுங்கள்.

சிறு பிள்ளைகளை மோதவிடுவதிலும் அவசரம் வேண்டாம். தலைக்கவசம் போட்டுவிட்டால் ஒன்றும் ஆகாது என்பது தவறான நம்பிக்கை. மெத்தென்ற கவசம் மூளையதிர்ச்சியைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே சொல்லியிருக்கிறது. தலையில் அடிபட்ட பிள்ளை வாந்தி எடுத்தாலோ, வழக்கத்தைவிட அதிகமாகத் தூங்கி வழிந்தாலோ உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

தேவனாம்பட்டினம் கடற்கரையில் பயிற்சி என்றால் எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் தொடக்கத்தில் உதிரி மணலில் கால் புதைந்து கணுக்கால் பிசகும். அலை நனைத்து இறுகிய மணலோ கட்டாந்தரையோ நல்லது. வெறுங்காலோடு இறங்குமுன் கண்ணாடித் துண்டு கிடக்கிறதா என்று பாருங்கள். கத்திரி வெயில் நாட்களில் காலை 8 மணிக்குள் முடித்துவிட வேண்டும். தண்ணீர் கேட்கும் பிள்ளையைக் காக்க வைப்பது ஒழுக்கம் ஆகாது.

பெற்றோர் உட்கார்ந்து பார்க்கக் கூடாது என்று சொல்லும் வகுப்பு, எவ்வளவு புகழ் பெற்றதாக இருந்தாலும், வேண்டாம்.

சேர்ப்பதற்கு முன் பிள்ளையை அழைத்துச் செல்லாமல் நீங்கள் மட்டும் இரண்டு மாலை போய் உட்காருங்கள். எவ்வளவு நேரம் உடலைச் சூடேற்றுகிறார்கள், ஒருவருக்கொருவர் கம்பு படாத தூரத்தில் நிற்கிறார்களா என்று கவனியுங்கள். அழும் பிள்ளையிடம் ஆசான் குனிந்து பேசுகிறாரா, பிரம்பை ஓங்குகிறாரா என்பதையும் பாருங்கள். நான் கம்பு கேட்ட அன்று எங்கள் ஆசான் பதில் சொல்லவில்லை. மகளை அழைத்து, ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். அவளால் ஐந்து எண்ணும் வரை நிற்க முடியவில்லை.