தவணைக் கடைசியில் மழை அளப்போம்: ஆரம்பப்பிரிவுக்கு ஒரு செயற்றிட்டம்

தவணைப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் பூட்டும்வரை கிடைக்கிற நாட்கள் லேசாக வீணாய்ப்போகும். ஆசிரியருக்குப் புள்ளி போடுகிற வேலை தலைக்குமேல். பிள்ளைகளுக்குக் கொப்பி திறக்க மனம் வராது. ஆனால் மூன்றாம் தவணை முடிகிற நேரம் வன்னியில் மாரி. வயலில் காலபோக நெல் நிற்கும், குளம் எத்தனை அடி என்ற கதைதான் வீட்டிலும் கடையிலும். பிள்ளை வீட்டில் கேட்கிற அந்தக் கதையை வகுப்புக்குள் கொண்டுவந்தால் வேறொன்றும் தேடத் தேவையில்லை. தரம் 3, 4க்கு இது நன்றாகப் பொருந்தும். சுற்றாடல், கணிதம், தமிழ் மூன்றும் இதற்குள் வந்துவிடும். கூட்டு வகுப்பென்றால் இன்னும் வசதி, சின்னவர்கள் அளக்கட்டும், பெரியவர்கள் எழுதட்டும்.

முதலில் மழைமானி

பக்கங்கள் நேராக இருக்கிற 1.5 லீற்றர் போத்தல் ஒன்று எடுங்கள். இடுப்பு ஒடுங்கிய சோடாப் போத்தல் சரிவராது, அளவு பிழைக்கும். தோள் வளையத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். வெட்டுவது ஆசிரியரின் வேலை. மேல்துண்டின் மூடியைக் கழற்றி, புனல்போல் கவிழ்த்து உள்ளே வைத்து, விளிம்பைச் சுற்றிச் செலோரேப் ஒட்டுங்கள்.

காற்றுக்கு விழாமலிருக்க அடியில் சிறு கற்கள் போட வேண்டும். கற்களைப் பள்ளி வளவுக்குள் உங்கள் கண்முன்னால் பொறுக்கச் சொல்லுங்கள். கண்ணிவெடி அகற்றி முடியாத பகுதிகள் வன்னியில் இன்னும் இருக்கின்றன. தெரியாத பொருளைத் தொடக்கூடாது, பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்பதை அந்த நேரத்திலேயே இன்னொருமுறை சொல்லிவிடுங்கள்.

கற்கள் மூடும்வரை தண்ணீர் ஊற்றி, போத்தல் நேராகத் தொடங்கும் இடத்தில் நீர்மட்டத்தை நிறுத்துங்கள். அதுதான் பூச்சியக் கோடு. அங்கிருந்து மேலே, அடிமட்டம் வைத்து மில்லிமீற்றர் குறித்த கடதாசிப் பட்டியை ஒட்டி, நனையாமல் செலோரேப்பால் மூடுங்கள். அடிமட்டத்தின் நுனியும் அதன் 0 கோடும் பல அடிமட்டங்களில் ஒரே இடத்தில் இராது. இதை ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடித்தால் அன்றைய கணிதபாடம் முடிந்தது.

மானியை மரத்துக்கும் கூரைத் தாழ்வாரத்துக்கும் தள்ளி, ஆடு மாடு வராத வெட்டையில், மணல் வாளிக்குள் பாதி புதைத்து வையுங்கள்.

ஒவ்வொரு நாளும் அளத்தல்

வளிமண்டலவியல் திணைக்களம் 24 மணிநேர மழையைக் காலை 8.30க்குக் கணக்கெடுக்கிறது. நீங்களும் அதே நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு பிள்ளைகள் தனித்தனியாக, குந்தியிருந்து கண்மட்டத்தில் பார்த்து எழுத வேண்டும். கணக்கு வேறுபட்டால் மூன்றாவது பிள்ளை பார்க்கட்டும். நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். பிறகு பூச்சியக் கோடுவரை தண்ணீரை வெளியே ஊற்றுங்கள்.

மழையில்லாத நாளில் எழுத ஒன்றுமில்லை என்று பிள்ளைகள் நினைப்பார்கள். 0 என்று எழுத வேண்டும் என்பதில் உறுதியாக நில்லுங்கள். திங்கட்கிழமை அளப்பது மூன்று நாள் மழை, அதை அப்படியே குறிக்கட்டும்.

14 மில்லிமீற்றர் என்பது பிள்ளைக்கு வெறும் எண்தான். அதனால் தரையில் வெண்கட்டியால் ஒரு மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலத்துக்குச் சதுரம் கீறுங்கள். 1 மில்லிமீற்றர் மழை என்றால் அந்தச் சதுரத்தில் 1 லீற்றர் தண்ணீர். ஒரு லீற்றர்ப் போத்தல்கள் பதினான்கை உள்ளே அடுக்க விடுங்கள். அப்புறம் ஒரு ஏக்கர் வயலுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். ஏக்கர் ஒன்று ஏறத்தாழ 4047 சதுர மீற்றர், ஆக 56,000 லீற்றருக்கு மேல். குளம் எப்படி நிரம்புகிறது என்பது அந்த இடத்தில் பிடிபடும்.

வீட்டுக்குக் கொடுக்கிற கேள்வி

இப்படி ஏதாவது ஒரு கேள்வி போதும். எங்கள் குளம் எத்தனை அடியில் வான் பாயும்? முந்தி என்ன நெல் விதைத்தார்கள்? மொட்டைக்கறுப்பன், ஆட்டக்காரி என்று பெயர்கள் வரும். பதிலை அம்மம்மா சொன்ன பேச்சிலேயே எழுதிவரச் சொல்லுங்கள், திருத்தி எழுத வேண்டாம்.

இங்கே ஒன்றை மனதில் வையுங்கள். "அப்பாவிடம் கேட்டு வா" என்று சொல்லாதீர்கள். "வீட்டில் அல்லது அயலில் மூத்த ஒருவரிடம்" என்று சொல்லுங்கள். பழைய கதை கேட்கும்போது 2009 போரும் இடப்பெயர்வும் வரும். பிள்ளை எழுதினால் வாசியுங்கள். எழுதாததைக் கிளறாதீர்கள், வகுப்பில் உரத்து வாசிக்க வைக்காதீர்கள்.

சுவரில் ஒட்டுதல்

டிமைத் தாளில் நாளுக்கொரு நிரலாக வரைபு கீறி, அளந்த பிள்ளையே நிறம் தீட்டட்டும். ஆசிரியர் இரவிரவாக இருந்து செய்த பிறிஸ்டல் போட் எவ்வளவு வடிவாயிருந்தாலும் அதில் பிள்ளையின் கை இல்லை. எழுத்துப்பிழையைப் பக்கத்திலிருந்து அவர்களையே திருத்த வையுங்கள்.

முன்னேற்ற அறிக்கை வாங்கப் பெற்றோர் வருகிற நாளில் மேடையும் ஒலிபெருக்கியும் வேண்டாம். பிள்ளை தன் நிரலைக் காட்டி, அன்று எவ்வளவு மழை, எப்படி அளந்தது என்று தன் வீட்டாருக்கு மட்டும் சொல்லட்டும். பேசக் கூச்சப்படுகிற பிள்ளையிடம் போத்தலையும் தண்ணீரையும் கொடுங்கள். செய்துகாட்டத் தொடங்கினால் பேச்சுத் தானாக வரும்.

விடுமுறை விடுமுன் மானியைக் கழுவிக் கவிழ்த்து உள்ளே வையுங்கள், வெளியே விட்டால் நுளம்பு பெருகும். வரைபைக் கழற்றாமல் விட்டால் தை மாத மழையை அதன் பக்கத்திலேயே தொடரலாம்.