ஒகெஃபெனோக்கி போகிறீர்களா? முதலில் வாசலை முடிவு செய்யுங்கள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தின் தென்கோடியில், ஃபுளோரிடா எல்லையை ஒட்டி, ஒகெஃபெனோக்கி என்று ஒரு பெரிய சதுப்பு நிலம் இருக்கிறது. 1937இல் வனவிலங்குப் புகலிடம் ஆனது. 1974இல் அதன் பெரும்பகுதியை, 3,53,981 ஏக்கரை, தொடாத காடாகவே விட்டுவைக்கச் சட்டம் போட்டார்கள். சைப்ரஸ் மரம் நிற்கும் கறுப்புத் தண்ணீர், அல்லி படர்ந்த திறந்த வெளி, சுற்றிலும் மேட்டில் நெட்டிலைப் பைன் காடு. இரண்டு முறை போய்வந்தேன். முதல் முறை என் முட்டாள்தனத்தால் பாதி வீணாகிப்போனது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. வாசல்

இங்கேதான் நான் சறுக்கினேன், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். அட்லாண்டாவிலிருந்து விடியற்காலை இருட்டில் கிளம்பும்போது போனில் 'ஒகெஃபெனோக்கி' என்று மட்டும் தட்டினேன். அது காட்டிய வழியிலேயே போய் ஒன்பதேகால் மணிக்கு ஒரு வாசலில் நின்றோம். அழகான இடம்தான். ஆனால் இரவு உள்ளே தங்க நாங்கள் வாங்கியிருந்த பெர்மிட் அந்த வாசலுக்கானது இல்லை.

சதுப்பின் குறுக்கே சாலை கிடையாது. ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்குப் போக வேண்டுமென்றால் வெளியே வந்து சுற்றித்தான் போக வேண்டும். முக்கியமானவை மூன்று:

வடக்கே வேக்ராஸ் ஊருக்குப் பக்கத்தில் ஒகெஃபெனோக்கி ஸ்வாம்ப் பார்க். குடும்பத்தோடு அரை நாள் சுற்றிவிட்டு வர நல்லது.

கிழக்கே ஃபோக்ஸ்டன் ஊரிலிருந்து தென்மேற்கே 11 மைலில் சுவானி கால்வாய் வாசல். புகலிடத்தின் பிரதான வாசல் இதுதான். புதிதாகப் போகிறவர்களுக்கு என் ஓட்டு இதற்கே.

மேற்கே ஃபார்கோ ஊரைத் தாண்டி உள்ளே ஸ்டீபன் சி. ஃபாஸ்டர் மாநிலப் பூங்கா. மரவீடுகளில் தங்கலாம், நட்சத்திரம் பார்க்க இதைவிட இருட்டான இடம் அந்தப் பக்கத்தில் இல்லை. இரவில் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், தாமதமாகப் போய் நிற்காதீர்கள்.

குழப்பம் இதோடு முடியவில்லை. வடக்கு வாசலுக்குப் போகும் சாலைக்கும் மேற்கு வாசலுக்குப் போகும் சாலைக்கும் ஒரே எண், 177. நடுவில் சதுப்பு இருப்பதால் இரண்டும் சேர்வதே இல்லை. எண்ணை நம்பிப் போகாமல் வாசலின் முழுப்பெயரைத் தட்டுங்கள்.

இன்னொன்று. தேசியப் பூங்காக்களுக்கு வாங்கும் ஆண்டு பாஸ் கிழக்கு வாசலில் செல்லும். மேற்கே இருப்பது மாநிலப் பூங்கா, கட்டணம் பற்றி அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

2. மாதம்

அக்டோபர் முடிவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை. கோடையில் வெயில், இடி, கொசு, அப்புறம் கடித்தால் இரத்தம் வரும் மஞ்சள் ஈ. முதலை பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் மார்ச் சரியாக இருக்கும். குளிர் நாட்களில் அவை அவ்வளவாக வெளியே வராது.

கிளம்புவதற்கு முதல் நாள் புகலிட அலுவலகத்துக்கு போன் செய்து நீர்மட்டம் எப்படி என்று கேளுங்கள். இந்தச் சதுப்புக்குத் தண்ணீர் பெரும்பாலும் மழையால்தான் வருகிறது. மழை பொய்த்தால் சில படகுப் பாதைகள் வெறும் சேறு. ரொம்பவும் காய்ந்தால் அடியில் கிடக்கும் மட்கிய தாவரப் படிவம் தீப்பிடித்து மாதக்கணக்கில் புகையும். 2007, 2011, 2017 மூன்று ஆண்டுகளிலும் பெரிய தீ வந்தது.

3. பெர்மிட்

பகலில் மட்டும் சுற்ற நுழைவுக்கட்டணம் போதும். இரவு உள்ளே தங்கத்தான் பெர்மிட் வேண்டும். ரெக்ரியேஷன்.கவ் என்ற அமெரிக்க அரசின் முன்பதிவுத் தளத்தில் ஆளுக்கு இத்தனை, இரவுக்கு இத்தனை என்று வாங்குவார்கள். பெரும்பாலும் தண்ணீருக்கு நடுவே கால்நட்டு எழுப்பிய மரமேடையில்தான் தூக்கம். ஒரு மேடையில் ஒரு இரவு ஒரே ஒரு குழுதான். அதனால் மார்ச் மாதச் சனிக்கிழமைகள் சட்டென்று தீர்ந்துவிடும். வாரநாளில் லீவு எடுக்க முடிந்தால் எடுத்துவிடுங்கள்.

இரவு தங்கப் போகிறவர்கள் காலை 10 மணிக்குள் படகைத் தண்ணீரில் இறக்கியாக வேண்டும். எங்களுக்கு நடந்தது புரிகிறதா? ஒன்பதேகாலுக்கு வடக்கு வாசல், அங்கிருந்து கிழக்கு வாசலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். போய்ச் சேர்ந்தபோது பத்தரை. அங்கிருந்த அம்மா சிரித்துக்கொண்டே, ஆனால் உறுதியாக, முடியாது என்று சொல்லிவிட்டார். சண்டை போட முடியுமா என்ன? அவர் சொன்னதுதான் சரி. பகல்படகு ஓட்டிவிட்டு இரவு ஃபோக்ஸ்டனில் ரூம் எடுத்தோம். அடுத்த முறை முதல் நாள் மாலையே ஃபோக்ஸ்டன் போய்விட்டோம்.

4. மைல் கணக்கு

கிழக்கு வாசலில் படகு இறக்கும் இடத்திலிருந்து சீடார் ஹாமக் மேடை சுமார் 3 மைல். முதல் முறைக்கு இது போதும், அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். மூன்று மைல்தானே, ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்று தோன்றும். கால்வாயில் அப்படித்தான் போகும். அந்தக் கால்வாய்க்கு ஒரு கதை உண்டு: சதுப்பையே வடித்துவிட்டு மரம் வெட்டலாம், பயிர் செய்யலாம் என்று 1891இல் ஒரு கம்பெனி வெட்டத் தொடங்கியது. பதினொன்றரை மைல் வெட்டியும் சதுப்பு வடியவில்லை, கம்பெனிதான் வடிந்துபோனது. அந்தக் கால்வாய் இப்போது நமக்கு நெடுஞ்சாலை.

ஆனால் அதை விட்டுப் பக்கவாட்டில் திரும்பியதும் ஆழம் போய்விடும், அல்லித்தண்டு துடுப்பைப் பிடித்துக்கொள்ளும், திறந்தவெளியில் எதிர்காற்று வேறு. மணிக்கு ஒரு மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அந்த மூன்று மைல் ஏறக்குறைய மூன்று மணி நேரம் எடுத்தது. அதில் அரைமணி, பாதையோரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒரு முதலை நகரட்டும் என்று காத்திருந்தது.

மேலே திறந்த கனூ படகா, உட்காரும் இடம் தவிர மேலே மூடிய கயாக் படகா? கனூ. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. கயாக்கில் தண்ணீர்க் கேன்களை எங்கே வைப்பீர்கள்? கனூ அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும்.

5. மூட்டை

தானே நிற்கும் டென்ட் கொண்டுபோங்கள். பலகைமேல் முளை அடிக்க முடியாது, ஆணியும் அடிக்கக் கூடாது. முளை இல்லாமல் நிற்காத டென்டோடு போனால் கொசுவுக்கு விருந்துதான்.

குடிதண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், ஏறக்குறைய நாலு லிட்டர். சுற்றிலும் தண்ணீர்தான், ஆனால் பால் ஊற்றாத டீ மாதிரி இருக்கும், இலையும் பட்டையும் ஊறிய சாறு. பெரும்பாலான மேடைகளில் விறகு மூட்டக் கூடாது. சின்ன கேஸ் அடுப்பு வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அதையும் டீக்கு மட்டும்தான் பற்றவைத்தோம். புளியோதரை ஒன்றரை நாள் தாங்கியது. சாப்பிட்ட பாத்திரத்தை மேடை ஓரத்தில் கழுவிக் கொட்டாதீர்கள், முதலைக்கு அது அழைப்பிதழ். குப்பை முழுக்க உங்களோடு திரும்பி வர வேண்டும். ரக்கூன் வரும், சாப்பாட்டுப் பையைக் கட்டித் தொங்கவிடுங்கள். நாயைப் படகில் ஏற்ற அனுமதி இல்லை, தண்ணீரில் இறங்கிக் குளிக்கவும் இல்லை. போன் சிக்னலை நம்பாமல் காகித வரைபடம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இருட்டியதும் டார்ச்சைத் தண்ணீர் மட்டத்தில் பிடித்துப் பாருங்கள். சிவப்புச் சிவப்பாகக் கண்கள் தெரியும். எண்ணாமல் படுத்துவிடுவது நல்லது.

6. பைன் காடு

பலரும் சதுப்பைப் பார்த்துவிட்டு அப்படியே கிளம்பிவிடுகிறார்கள். திரும்பி வந்த பிறகு ஒரு இரண்டு மணி நேரம் கிழக்கு வாசல் பக்கத்தில் பைன் காட்டுக்குள் காரில் சுற்றுங்கள். ஒரு காலத்தில் அமெரிக்கத் தெற்கில் சுமார் 9 கோடி ஏக்கரில் நின்ற நெட்டிலைப் பைனில் மிஞ்சியது கொஞ்சம்தான். ஒரு ஊசியிலை முழங்கை நீளம் வரை வரும். அடிமரம் கருகியிருந்தால் பதற வேண்டாம், வேண்டுமென்றே அவ்வப்போது தீ வைக்கிறார்கள். தீ இல்லையென்றால் கீழே புதர் மண்டி, பைன் கன்று எழும்பாது.

வெள்ளைப் பெயின்ட்டால் பட்டை அடித்த மரத்தைக் கண்டால் வண்டியை நிறுத்துங்கள். அது செவ்வரிக் கன்னத்து மரங்கொத்தியின் வீடு. உயிருள்ள பைனிலேயே பொந்து குடையும், சுற்றிலும் கொத்திப் பிசினை வழியவிடும். பிசின் ஒட்டுவதால் பாம்பு மேலே ஏறாது. விடியலிலும் அந்தியிலும்தான் பொந்தருகே பார்க்க முடியும். நான் மத்தியானம் போய்ப் பிசினை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுப் போன ஒரு தோழி கழிப்பறை பற்றி ஏன் எழுதவில்லை என்று கோபித்துக்கொண்டார். மேடையில் உண்டு, மட்கும் வகை. பேப்பரும் சானிடைசரும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். வழியில் தேவைப்பட்டால் பைவைத்துப் பயன்படுத்தும் கையடக்கக் கழிப்பறை கட்டாயம் வேண்டும்.

நீச்சல் தெரியாது, போகலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவே கழற்றாதீர்கள், எனக்கும் தெரியாது.

கடைசியாக, படகு இறக்கும் இடத்தில் ஒரு பதிவேடு இருக்கும். போகும்போது எழுதுவதை யாரும் மறப்பதில்லை. திரும்பி வந்ததையும் எழுத வேண்டும், இல்லையென்றால் உங்களைத் தேடி ஆள் அனுப்புவார்கள். ஃபோக்ஸ்டனில் காபி வாங்க நின்றபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பதினொரு மைல் திரும்பிப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.