86-க்கு எந்த சூப்பர்சார்ஜர் கிட்? மூன்றாம் கியரில் 40 மைல் வேகத்தை வைத்து முடிவெடுங்கள்

என்னிடம் இருப்பது 2013 சயான் எஃப்ஆர்-எஸ், மேனுவல். சுபாரு பிஆர்இசட், டொயோட்டா ஜிடி86 எல்லாம் இதே கார்தான், பெயர்தான் வேறு. சான் ஹோசேயில் தினமும் வேலைக்குப் போவதும் இதில்தான். சனிக்கிழமை காலையில் சாரடோகா போய் ஹைவே 9 பிடித்து மலை ஏறுவேன். இந்தக் காருக்கு இரண்டு வருடத்தில் இரண்டு கிட் வாங்கிவிட்டேன். முதல் கிட்டில் குறை எதுவும் இல்லை. நான் ஓட்டும் விதத்துக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான். வாங்குவதற்கு முன் ஒரு மாலை நேரம் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தால் அது அப்போதே தெரிந்திருக்கும். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சூப்பர்சார்ஜர் என்றால் இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி என்பது தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். இங்கே சொல்வதெல்லாம் 2.0 லிட்டர் இன்ஜின் உள்ள கார்களுக்கு மட்டும். 2022 மாடல் ஜிஆர்86-இல் இருந்து 2.4 லிட்டர் இன்ஜின் வருகிறது, அதன் சுபாவமே வேறு.

படி 1: ஒரு வாரம் லாக் (பதிவு) எடுங்கள்

கிட்டுகளின் விலையைப் பார்ப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். காரின் கம்ப்யூட்டரிலிருந்து தகவல் எடுக்கும் ஓபிடி போர்ட்டில் ஒரு ப்ளூடூத் அடாப்டரைச் செருகி, ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று), த்ராட்டில் (ஆக்சிலரேட்டர் எவ்வளவு அழுத்தம்), வேகம் மூன்றையும் போனில் பதிவு செய்தால் போதும். மிக மலிவான அடாப்டர் வேண்டாம். பாதி வழியில் இணைப்பு அறுந்து, வேண்டிய இடத்தில் லாக் இருக்காது. கொஞ்சம் கூடக் கொடுத்து நல்லதாக வாங்குங்கள், பிறகும் பயன்படும்.

என் லாக்கில் தெரிந்தது இதுதான்: த்ராட்டிலைப் பாதிக்கு மேல் அழுத்தியதெல்லாம் பெரும்பாலும் 3000-க்கும் 5000-க்கும் நடுவில். 7000-ஐத் தொட்டது வாரத்தில் நான்கைந்து முறைதான்.

படி 2: இரண்டு குடும்பங்கள்

எடெல்புராக், ஹாராப் கிட்டுகளில் ஈட்டன் டிவிஎஸ் 1320 யூனிட் இருக்கிறது. ஒரு சுற்றுக்கு 1.32 லிட்டர் காற்றைத் தள்ளும். ஸ்பிரின்டெக்ஸ் ட்வின் ஸ்க்ரூ. இவை இன்ஜினின் தலைமேல் உட்காரும், கீழ் ஆர்பிஎம்மிலேயே பூஸ்ட் (கூடுதல் காற்றழுத்தம்) கொடுக்கும். இது ஒரு குடும்பம். ஜாக்சன் ரேசிங், கிராஃப்ட்வெர்க்ஸ் இரண்டும் டென்மார்க்கின் ரோட்ரெக்ஸ் என்ற சென்ட்ரிஃபியூகல் யூனிட்டைப் பயன்படுத்துபவை. வோர்டெக், எச்கேஎஸ் இரண்டும் இதே சென்ட்ரிஃபியூகல் குடும்பம். பார்க்க டர்போ மாதிரியே இருக்கும், ஆனால் சுற்றுவது பெல்ட்டால்.

படி 3: கணக்கு

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். முதல் கிட்டை வாங்கும்போது நான் பார்த்தது ஒரே ஒரு எண், அதிகபட்சக் குதிரைத்திறன். அந்த எண் 7000 ஆர்பிஎம்முக்குப் பக்கத்தில் கிடைப்பது. நான் ஓட்டுவது அங்கே இல்லை.

சென்ட்ரிஃபியூகலில் பூஸ்ட் ஏறத்தாழ வேகத்தின் வர்க்கமாக ஏறும். ஆர்பிஎம் பாதியானால் பூஸ்ட் கால்வாசி. ஒரு கிட் 7200-இல் 9 பிஎஸ்ஐ (பூஸ்ட்டின் அளவு) தருகிறது என்று வையுங்கள். 3600-இல் அது இரண்டேகால்தான்.

இப்போது நம் கியர்களைப் பாருங்கள். இந்த ஆறு ஸ்பீடு பாக்ஸில் முதல் நான்கு விகிதங்கள் 3.626, 2.188, 1.541, 1.213. ஃபைனல் டிரைவ் 4.1. 7200-இல் கியர் மாற்றினால்:

ஒன்றிலிருந்து இரண்டுக்கு: 4350-க்கு இறங்கும்
இரண்டிலிருந்து மூன்றுக்கு: சுமார் 5070
மூன்றிலிருந்து நான்குக்கு: சுமார் 5670

ஆக, டிராக்கில் ஓட்டுபவர் இரண்டாம் கியருக்கு மேல் போய்விட்டால் 5000-க்குக் கீழே இறங்கவே தேவையில்லை. 5070-இல் நாலரை பிஎஸ்ஐ கிடைக்கிறது, அங்கிருந்து ஏறிக்கொண்டே போகிறது. அவருக்கு சென்ட்ரிஃபியூகல் அருமையான கிட்.

ஹைவே 9-இல் கதை வேறு. 215/45 ஆர்17 டயரில் மூன்றாம் கியர், 40 மைல் வேகம் என்றால் 3450 ஆர்பிஎம். வளைவிலிருந்து வெளியே வந்து காலை அழுத்தும் இடம் அதுதான். அங்கே கிடைப்பது இரண்டு பிஎஸ்ஐ. அதோடு, இந்த இன்ஜினில் 3500-க்கும் 4500-க்கும் நடுவில் டார்க் (இன்ஜினின் திருகுவிசை) ஒரு பள்ளத்தில் இறங்கும். இந்தக் காரை ஓட்டிய எல்லோருக்கும் அது தெரியும். என் முதல் கிட் அந்தப் பள்ளத்தைக் கொஞ்சம் உயர்த்தியது, நிரப்பவில்லை. இரண்டாவதாக டிவிஎஸ் கிட் போட்ட பிறகு முதல் முறை அதே வளைவில் அழுத்தியபோது, கீழ் கியருக்கு மாற்றப் போன கையை அப்படியே எடுத்துவிட்டேன். மாற்றத் தேவையே இருக்கவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: ஒவ்வொரு கிட்டுக்கும் டைனோ (காரின் டார்க்கையும் குதிரைத்திறனையும் அளக்கும் கருவி) வரைபடம் கேளுங்கள். 2500-இலிருந்து தொடங்கும் வரைபடமாக இருக்கட்டும். 4500-இல் தொடங்கும் வரைபடத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். பிரிண்ட் எடுத்து, ஸ்கேலும் பென்சிலும் வைத்து 2800 (ஆறாம் கியரில் 65 மைல்), 3450, 4350, 5070 ஆகிய இடங்களில் நேர்க்கோடு போடுங்கள். கோடு வெட்டும் இடத்து டார்க்கைக் குறியுங்கள். ஸ்டாக் (கிட் போடாத) காரின் கோடும் அதே டைனோவில், அதே பெட்ரோலில் எடுத்ததாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒப்பிடுவதில் அர்த்தம் இல்லை. இதற்கு எக்செல் வேண்டாம் என்பது என் கருத்து. காகிதத்தில் போட்டால் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

டிராக் நாட்கள் அதிகம் என்றால் இன்னொன்றும் பாருங்கள். இன்ஜின் மேல் உட்காரும் யூனிட் வெயிலில் தொடர்ந்து சுற்றினால் சூடேறும், காற்றும் சூடாகும். மாதம் இரண்டு முறை தண்டர்ஹில் டிராக்குக்குப் போகிறவருக்கு நானே ரோட்ரெக்ஸைத்தான் சொல்வேன். அதற்குத் தனி எண்ணெய், தனிக் கூலர். அதில் வேறு எண்ணெய் ஊற்றவே கூடாது.

படி 4: ஈ.ஓ. நம்பர்

கலிபோர்னியாவில் இருப்பவர்கள் இதைத் தாண்டிப் போகாதீர்கள். காற்று வள வாரியம் கிட்டுக்குக் கொடுக்கும் அனுமதி எண் அது, டி என்ற எழுத்தில் தொடங்கும். ஸ்மாக் சோதனையில் பானெட்டைத் திறந்து அந்த ஸ்டிக்கரைத் தேடுவார்கள். நான் முதல் கிட்டைப் பழையதாக வாங்கினேன், ஸ்டிக்கர் இல்லை. புகை அளவு சரியாக இருந்தும் ஃபெயில். வாரியத்தின் தளத்தில் எண்ணைத் தேடி, உங்கள் மாடல் வருடம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். கிட்டின் பெயர் இருந்தால் மட்டும் போதாது.

படி 5: பெட்ரோல், டியூன், எண்ணெய்

இந்த இன்ஜினின் கம்ப்ரஷன் 12.5:1. பூஸ்ட்டுக்கு இது மிக அதிகம், அதனால் டியூன்தான் (இன்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பு) இன்ஜினைக் காப்பாற்றும். இங்கே பம்ப்பில் கிடைக்கும் பிரீமியம் 91 ஆக்டேன். ஆஸ்திரேலியாவில் 98 என்று எழுதியிருப்பது வேறு அளவுமுறை, நம் கணக்கில் அது ஏறத்தாழ 93. அங்கே எடுத்த வரைபடத்தின் எண்கள் இங்கே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். சின்ன புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) போட்டு இன்னும் பூஸ்ட் ஏற்றும் ஆசை வரும், வேண்டாம். இந்த இன்ஜினில் முதலில் பயப்பட வேண்டியது பிஸ்டனை கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுக்குத்தான். அந்தப் பணத்தில் இன்ஜின் ஆயில் கூலர் போடுங்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், 2014 காரிலிருந்து கழற்றிய கிட்டைத் தன் 2017 காருக்கு வாங்கலாமா என்று கேட்டிருந்தார். 2017-இல் மேனுவல் கார்களின் இன்ஜினை மாற்றினார்கள், 200 குதிரைத்திறன் 205 ஆனது, ஃபைனல் டிரைவும் 4.3 ஆனது. கிட்டின் பாகங்கள், டியூன், ஈ.ஓ. எல்லாம் வருடம் பார்த்துத்தான். மேலே நான் போட்ட ஆர்பிஎம் கணக்கில் கியர் மாற்றும் எண்கள் அவருக்கும் அதேதான், ஆனால் 40 மைலில் மூன்றாம் கியர் சுமார் 3620 ஆகிவிடும்.

இன்னொன்று, 2013 கார் வைத்திருப்பவர்களுக்கு. 2018 நவம்பரில் வால்வ் ஸ்பிரிங்குக்காக ரீகால் (கம்பெனியே காரைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வது) வந்தது. அமெரிக்க சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏவின் தளத்தில் உங்கள் வின் நம்பரை (காரின் அடையாள எண்) போட்டால் அந்த வேலை முடிந்ததா இல்லையா என்று இலவசமாகத் தெரியும். முடியவில்லை என்றால் கிட்டுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் அதை முடித்துவிடுங்கள். அதற்கு இன்ஜினையே இறக்க வேண்டும், மாட்டிய கிட் முழுவதையும் மறுபடி கழற்ற வேண்டியிருக்கும்.