கையடக்க லேப்டாப்போடு சைட் வேலை: ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு செய்முறை

ஏணி மேல் நின்றபடி கேமராவின் ஐபி முகவரியை மாற்ற வேண்டும். இல்லையென்றால், ரேக்குக்குப் பின்னால் ஒருக்களித்து மட்டுமே நிற்க முடிகிற சந்தில் நெட்வொர்க் ஸ்விட்சின் கன்சோலை, அதாவது அதற்குக் கட்டளை கொடுக்கும் திரையைப் பார்க்க வேண்டும். 15 அங்குல லேப்டாப்பை எங்கே வைப்பது? ஒருவர் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் தட்டுவதை இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் பார்த்திருப்போம். போனிலேயே முடிக்கலாம் என்றால் அதில் லேன் போர்ட்டும் இல்லை, கருவிகளோடு நேரடியாகப் பேசுகிற பழைய வகை சீரியல் போர்ட்டும் இல்லை.

இந்த மாதிரி வேலைக்கென்றே வந்ததுதான் ஜிபிடி (GPD) நிறுவனத்தின் மைக்ரோபிசி. 2019இல் வெளியானது. 6 அங்குலத் திரை, 440 கிராம் எடை, உள்ளே இன்டெல் செலரான் சிப், 8 ஜிபி ரேம். முழு விண்டோஸ் ஓடும். இதில் முக்கியம் திரையும் சிப்பும் அல்ல, போர்ட்டுகள்தான். முழு அளவு லேன் போர்ட், எச்டிஎம்ஐ, அதோடு ஒன்பது பின் சீரியல் போர்ட். இன்றைய பெரிய லேப்டாப்களிலேயே இந்தக் கடைசிப் போர்ட் பெரும்பாலும் கிடையாது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இது உங்கள் லேப்டாப்புக்கு மாற்று இல்லை. இரண்டு கட்டைவிரலால் நூறு வரி கான்ஃபிகரேஷன் அடிக்கப் பார்த்தால் அன்றைக்கே வெறுத்துவிடும். தட்டுகிற வேலையையெல்லாம் மேசையில் முடித்துவிடுங்கள். சைட்டில் ஒட்டுவதும் படிப்பதும் மட்டும் இருக்கட்டும். கீழே வருகிற படிகள் எல்லாம் அந்தக் கணக்கில்தான்.

படி 1: எதை வாங்குவது

2025இல் வந்த மைக்ரோபிசி 2இல் திரை 7 அங்குலமானது, தொடுதிரையும் வந்தது, ஆனால் சீரியல் போர்ட் போய்விட்டது. எனவே கன்சோல் வேலை அதிகம் இருப்பவர்களுக்குப் பழைய மாடலே மேல். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். லேன், சீரியல் இரண்டிலும் கேபிள் செருகிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

வேறு குட்டி லேப்டாப் இருந்தாலும் பரவாயில்லை, யூஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டர் ஒன்று சேர்த்துக்கொண்டால் போதும். அதன் உள்ளே என்ன சிப் என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். எஃப்டிடிஐ சிப் என்றால் பெரும்பாலும் தொல்லை இல்லை. புரோலிஃபிக் என்ற பெயரில் சந்தையில் போலி நிறைய. புது டிரைவர் அவற்றைக் கண்டுபிடித்து வேலை செய்ய மறுத்துவிடும். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

படி 2: மேசையில் தயார் செய்வது

அரை நாள் ஒதுக்குங்கள். இந்தப் படியைச் சரியாகச் செய்தால் மீதி எல்லாம் சுலபம்.

முதலில் திரை. விண்டோஸ் எழுத்தைப் பெரிதாக்கும் ஸ்கேலிங்கை 125 சதவீதத்தில் வைத்துப் பாருங்கள். 150க்குப் போனால் கண்ணுக்கு இதம்தான், ஆனால் பழைய மென்பொருள்களின் ஜன்னல் திரையைத் தாண்டி இறங்கிவிடும். 720 புள்ளி உயரத்தில் ஓகே பட்டன் கீழே ஒளிந்துகொள்வது சகஜம். அப்படி மாட்டினால் டேப் அழுத்திக்கொண்டே போய் என்டர் தட்டுங்கள், வேலை நடக்கும்.

அடுத்து மென்பொருள். கன்சோலைத் திறக்கப் புட்டி (PuTTY), நெட்வொர்க்கில் ஓடுவதைப் பார்க்க வயர்ஷார்க், ஐபி ஸ்கேனர் ஒன்று, நீங்கள் தொடுகிற கருவிகளின் கான்ஃபிகரேஷன் மென்பொருள்கள். எல்லாவற்றையும் இணையம் இருக்கும்போதே நிறுவி, ஒருமுறை திறந்தும் பாருங்கள். பேஸ்மென்ட் சர்வர் ரூமில் போன் சிக்னல்கூட இருக்காது. அங்கே போய் "டிரைவர் டவுன்லோடு ஆகிறது" என்று சுற்றிக்கொண்டிருந்தால் வாடிக்கையாளர் முகம் மாறிவிடும். கையேடுகளையும் பிடிஎஃப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

புட்டியில் செஷன்களை முன்கூட்டியே சேமித்துவிடுங்கள். கனெக்‌ஷன் வகை சீரியல், வேகம் 9600, டேட்டா பிட் 8, பாரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1. ஃப்ளோ கன்ட்ரோல் என்ற இடத்தில் புட்டி தானாக எக்ஸ்ஆன் எக்ஸ்ஆஃப் வைத்திருக்கும், அதை 'நன்' (None) என்று மாற்ற வேண்டும். எழுத்து அளவைப் பெரிதாக்குங்கள். லாகிங் பகுதிக்குப் போய், திரையில் வருவதெல்லாம் கோப்பில் பதிவாகும்படி செய்யுங்கள். பிறகு இதையே 115200 வேகத்தில் இன்னொரு செஷனாகச் சேமியுங்கள். சிஸ்கோ ஸ்விட்ச்சுக்கு முதலாவது, மைக்ரோடிக் ரவுட்டருக்கு இரண்டாவது. சீரியல் போர்ட்டுக்கு விண்டோஸ் வைத்திருக்கும் காம் போர்ட் எண்ணை டிவைஸ் மேனேஜரில் பாருங்கள். கூடவே வந்த போர்ட்டுக்கு எண் மாறாது. யூஎஸ்பி கன்வெர்ட்டர் என்றால் வேறு துளையில் செருகியதும் எண் மாறலாம்.

கடைசியாக, நாளைக்கு அடிக்கப்போகிற கட்டளைகளை நோட்பேடில் எழுதி, சைட் பெயரில் ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஸ்விட்சின் கன்சோலுக்குள் போவது

ஒரு முனையில் லேன் பிளக், மறுமுனையில் ஒன்பது பின் கனெக்டர் இருக்கிற அந்த வெளிர்நீலக் கேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். லேன் பிளக்கை ஸ்விட்சில் கன்சோல் என்று எழுதிய துளையில் செருகுங்கள். பக்கத்தில் அதே வடிவத்தில் மேனேஜ்மென்ட் போர்ட் இருக்கும், அவசரத்தில் மாற்றிச் செருகுபவர்கள் உண்டு. புட்டியில் செஷனைத் திறந்து இரண்டு முறை என்டர் தட்டுங்கள். கருவியின் பெயர் வந்துவிட்டால் சரி.

வரவில்லை என்றால் அறிகுறியைப் பாருங்கள். புரியாத எழுத்துகளாகக் கொட்டுகிறதா? வேகம் தப்பு, அடுத்த செஷனைத் திறங்கள். ஸ்விட்ச் பேசுவது தெரிகிறது, நீங்கள் அடிப்பது மட்டும் போகவில்லையா? ஃப்ளோ கன்ட்ரோலைப் பாருங்கள். திரை முழுக்க வெறுமையா? கேபிள், அல்லது காம் எண்.

உள்ளே போனதும் சிஸ்கோவில் முதலில் 'டெர்மினல் லெங்த் 0' கொடுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் நின்று ஸ்பேஸ் பார் கேட்பதை இது நிறுத்தும். அப்புறம் இப்போது ஓடுகிற கான்ஃபிகரேஷனை முழுக்கத் திரையில் ஓடவிடுங்கள். லாகிங் இருப்பதால் அது அப்படியே பேக்கப் ஆகிவிடும். எதையும் மாற்றுவதற்கு முன் இதைச் செய்வது பழக்கமாக வேண்டும்.

இனி நோட்பேடில் எழுதி வைத்ததை ஒட்டலாம். புட்டியில் ரைட் கிளிக் செய்தாலே ஒட்டும். மொத்தமாக மட்டும் ஒட்டாதீர்கள். 9600 வேகத்தில் நொடிக்கு 960 எழுத்துதான் போகும். ஃப்ளோ கன்ட்ரோலையும் அணைத்திருக்கிறோம், எனவே ஸ்விட்ச் ஒரு வரியைச் செரிப்பதற்குள் அடுத்த வரிகள் வந்து விழுந்தால் நடுவில் எழுத்துகள் காணாமல் போகும். பத்துப் பதினைந்து வரியாக ஒட்டி, பிழைச் செய்தி வருகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த துண்டுக்குப் போங்கள்.

பாஸ்வேர்டு மறந்துபோன ரவுட்டரை மீட்கும்போது பிரேக் சிக்னல் அனுப்பச் சொல்வார்கள். குட்டி விசைப்பலகையில் அந்த விசையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். புட்டி ஜன்னலின் மேல் இடது மூலையைக் கிளிக் செய்தால் ஸ்பெஷல் கமாண்ட் என்று ஒரு மெனு வரும், பிரேக் அதற்குள் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. கன்சோல் கேபிள் கையில் இருக்கிறது என்று கண்ட ஒன்பது பின் துளையிலெல்லாம் செருகாதீர்கள். ஏபிசி (APC) ஸ்மார்ட் யூபிஎஸ்களின் சீரியல் போர்ட்டில் பின் வரிசை வேறு. சாதாரண சீரியல் கேபிளைச் செருகினால் யூபிஎஸ் அணைந்துவிடக்கூடும், அதோடு ரேக் முழுவதும் போகும். அதற்குரிய கேபிள் இல்லையென்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதே உத்தமம்.

படி 4: லேன் போர்ட்

புதுக் கேமராவுக்கு ஐபி கொடுப்பதைப் பார்ப்போம். பெட்டியிலிருந்து எடுத்ததும் ஹைக்விஷன் கேமரா 192.168.1.64இல் இருக்கும், தாஹுவா என்றால் 192.168.1.108. லேப்டாப்பின் லேன் கார்டுக்குக் கையால் 192.168.1.50 என்று கொடுங்கள். சப்நெட் மாஸ்க் 255.255.255.0. கேட்வே காலியாகவே இருக்கட்டும். கேமராவுக்கு லேன் கேபிள் வழியாகவே வரும் பிஓஇ மின்சாரம் வேண்டுமென்பதால் நடுவில் ஒரு சின்ன பிஓஇ இன்ஜெக்டர் வையுங்கள்.

இதற்கு முன்னால் வைஃபையை அணைக்க வேண்டும். வாடிக்கையாளரின் வைஃபையும் 192.168.1 என்று தொடங்குகிற முகவரியிலேயே இருந்தால், கேமராவைத் தேடிப் போகிற டேட்டா பாக்கெட் வைஃபை வழியாகப் போய்த் தொலையலாம். அப்போது பிரவுசர் சுற்றிக்கொண்டே இருக்கும், நீங்கள் கேமராவைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த வேலை. அலுவலகச் சுவரில் ஒரு லேன் பாயிண்ட், அது எந்த ஸ்விட்சின் எந்தப் போர்ட்டில் போய் முடிகிறது என்று யாருக்கும் தெரியாது, லேபிளும் உதிர்ந்துவிட்டது. குட்டி லேப்டாப்பை அங்கே செருகி வயர்ஷார்க்கில் லேன் கார்டைத் தேர்ந்தெடுங்கள். மேலே ஃபில்டர் பெட்டியில் எல்எல்டிபி (lldp) என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்துவிட்டுச் சும்மா இருங்கள். ஸ்விட்சில் அந்த நெறிமுறை இயங்கினால் வழக்கமாக 30 நொடிக்கு ஒருமுறை அது தன் பெயரையும் போர்ட் எண்ணையும் தானே சொல்லும். சிஸ்கோவாக இருந்தால் சிடிபி (cdp) என்று போட்டு 60 நொடி வரை பாருங்கள். பாக்கெட்டை விரித்தால் போர்ட் ஐடி என்ற வரியில் பதில் இருக்கும். கேபிளைத் தேடும் டோனர் கருவியோடு மாடிக்கும் கீழுக்கும் நடக்க வேண்டியதில்லை.

படி 5: பிஎல்சி பேனல்

நெட்வொர்க் ஆட்கள் இதைத் தாண்டிப் போகலாம். பிஎல்சி என்பது இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி. டெல்டா டிவிபி வகை பிஎல்சிக்கு நேரடி சீரியல் போர்ட் வரப்பிரசாதம், கன்வெர்ட்டர் இல்லாமலே புரோகிராமிங் கேபிளைச் செருகலாம். அதன் தொடக்க அமைப்பு 9600 வேகம், டேட்டா பிட் 7, ஈவன் பாரிட்டி, ஸ்டாப் பிட் 1. ஸ்விட்சின் அமைப்போடு இங்கே வந்தால் பேசாது.

எனர்ஜி மீட்டர், மோட்டார் வேகத்தை மாற்றும் விஎஃப்டி போன்றவை ஆர்எஸ் 485 என்ற வேறு வகை சீரியல். அதற்குத் தனி கன்வெர்ட்டர் வேண்டும், இரு பக்கமும் மின் தொடர்பு இல்லாமல் பிரித்திருக்கும் ஐசொலேட்டட் வகையாகப் பார்த்து வாங்குங்கள். பதில் வராவிட்டால் ஏ, பி ஒயர்களை மாற்றிப் பாருங்கள், கெட்டுப்போகாது. ஏ எது, பி எது என்பதில் நிறுவனங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. மதிப்பு அபத்தமாக வந்தால் ரிஜிஸ்டர் எண்ணில் ஒன்றைக் குறைத்துப் பாருங்கள். கையேட்டில் 40001 என்றிருப்பது மீட்டரைப் படிக்கும் மோட்பஸ் மென்பொருளில் 0 ஆக இருக்கலாம்.

பேனலோடு சீரியல் கேபிளில் இணைத்திருக்கும்போது லேப்டாப்பைச் சார்ஜரில் போடாதீர்கள், பேட்டரியிலேயே ஓடட்டும். பேனலின் எர்த்துக்கும் சுவர் பிளக்கின் எர்த்துக்கும் மின்னழுத்த வித்தியாசம் இருந்தால் அது உங்கள் கேபிள் வழியாகத்தான் பாயும். போர்ட் எரிவது இப்படித்தான். 415 வோல்ட் ஓடுகிற பேனலில் கதவைத் திறக்கும் அனுமதி உள்ளவர் பக்கத்தில் இல்லாமல் கை வைக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

படி 6: சார்ஜ், கிளம்பும் முன் செய்வது

மைக்ரோபிசி டைப் சி வழியாகச் சார்ஜ் ஆகும். பவர் பேங்க் வாங்கினால் பிடி (PD) என்று குறித்திருப்பதை, 45 வாட் தருவதாகப் பார்த்து வாங்குங்கள். போனுக்கு வைத்திருக்கும் சாதாரண பவர் பேங்க் இதற்குப் போதாது. வெயிலில் திரை படிக்க முடியாமல் போகும். புட்டியில் கறுப்புப் பின்னணியை வெள்ளையாகவும் எழுத்தைக் கறுப்பாகவும் மாற்றி ஒரு செஷன் சேமித்து வைத்தால் ஓரளவு தெரியும். மொட்டைமாடி வேலைக்கு அதுதான் என் வழக்கம்.

வேலை முடிந்ததும் லேன் கார்டைத் திரும்ப டிஎச்சிபிக்கு, அதாவது ஐபி தானாக வரும்படி, மாற்றுங்கள். ஸ்விட்சில் மாற்றியதைச் சேமித்தீர்களா என்று பாருங்கள்; சேமிக்காவிட்டால் அடுத்த மின்வெட்டில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். லாக் கோப்பில் வாடிக்கையாளரின் பாஸ்வேர்டுகள் அப்படியே இருக்கும், எனவே அன்றைக்கே உங்கள் அலுவலகக் கணினிக்கு மாற்றிவிட்டு இதிலிருந்து அழித்துவிடுங்கள். டிஸ்க் முழுவதையும் விண்டோஸின் பிட்லாக்கரில் பூட்டி, அதன் மீட்பு எண்ணை வேறு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். சட்டைப் பையில் போகிற கருவி ஆட்டோவில் தவறிப்போக அதிக நேரம் ஆகாது.